பொட்டு வைத்த தோம்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வந்து இறங்கும் இரும்புப் பீப்பாயை, எங்கள் பேச்சில் தோம்பை, வெட்டி விறகடுப்பு செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் இதை இப்போதே மடித்து வைத்துவிடலாம். வாய் எந்த உயரத்தில் திறக்க வேண்டும், சாம்பல் எங்கே விழ வேண்டும், புகைக்குழாய் எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் கொஞ்ச நாள் பட்டறையில் நின்றால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். மேஸ்திரி சொல்லாமல் விட்டதை விரலில் படும் காயம் சொல்லிக்கொடுக்கும். நான் எழுதப்போவது வேறு. "இதை நான் வெட்ட மாட்டேன்" என்று, வெட்டச் சொல்லி எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதைப் பற்றி.

குருபோங் ஊர்ப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி பட்டறை நடத்துகிறவர்கள் கேட்டார்கள். "ஊக்கம் தர்ற மாதிரி நாலு நல்ல வார்த்தை எழுதுங்கம்மா" என்றார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் காப்பி குடியுங்கள். என் பெயர் காளியம்மா. ஆயுளில் பெரும்பகுதி மலாக்காவின் காஜா பேராங்கில் தகரமும் இரும்பும் தட்டிப் பிழைத்தவள். பெயருக்கேற்ற வாய் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி மலாக்கா பட்டணத்துக்கு வந்தவள் நான். வந்த கையோடு ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், தகரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். ரப்பர்த் தோட்டங்களுக்குப் பால்வாளி செய்து கொடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை. பெண்கள் ஈயம் ஊற்றி ஒட்டுவோம், ஆண்கள் வெட்டுவார்கள். ஒருநாள் வெட்டுகிற ஆள் வரவில்லை. நான் உளியை எடுத்து ஒரு தோம்பை வெட்டிவிட்டேன். தவுக்கே பார்த்துவிட்டு அடுத்த தோம்பை என் பக்கம் உருட்டிவிட்டார். அன்றிலிருந்து தோம்பு வெட்டுவதும் என் தலையில் விழுந்தது. சம்பளம் மட்டும் ஈயம் ஊற்றுகிறவளின் சம்பளமாகவே இருந்தது. அதைக் கேட்டபோது அவருக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விட்டது.

அந்தத் தவுக்கே எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்கும் ஆசையும் அவருக்கு இல்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் பழைய தோம்பைக் கொண்டுவந்தாலும், மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, வாசலிலேயே நிறுத்திக் கேட்பார். "டுலு இசி ஆப்பா?" முன்பு இதில் என்ன இருந்தது? பதில் தெரியாவிட்டால் தோம்பு உள்ளே வராது. நயமாகப் பேசினாலும் வராது, சத்தம் போட்டாலும் வராது.

காரணம் பட்டறைக் கூரையிலேயே இருந்தது. நான் சேர்வதற்கு முன்பு யாரோ "காலித் தோம்பு" என்று ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். இவரும் கேட்காமல் தீ வைத்து வெட்டப் போயிருக்கிறார். உள்ளே பெட்ரோல் ஆவி. மூடி கிளம்பிக் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில் விழுந்தது. அவருடைய இடது காதில் பாதியும் அன்றைக்குப் போனது. கூரையை ஒட்டுப்போட்டுக்கொண்டார், காதுக்கு ஒட்டுப்போட வழியில்லை. அன்று பிறந்த கேள்வி அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்த புதிது. பட்டணத்தில் கொடி கட்டிய கம்பங்கள் அப்படியே நின்றன. அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேற ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டு வாங்கியவனுக்கு மரம் வேண்டும், மரத்தில் பால் வெட்டிய சனம் வேண்டாம். புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் என் அக்கா செல்லம்மா வாழ்க்கைப்பட்டிருந்த தோட்டத்திலும் இதுதான் நடந்தது. சனம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சனங்கள் மாட்டோம் என்றார்கள். ஒருநாள் காலையில் ஆட்களைக் கொண்டுவந்து எல்லா வீட்டுக் குசினிகளையும், சமையல்கட்டுகளை, இடித்துப் போட்டார்கள். பிறகு தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். பிறகு கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள்.

சனங்கள் மூட்டை முடிச்சோடு தோட்டத்து வாசலுக்கு எதிரே, சாலை ஓரத்தில் கித்தான் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். எங்கும் போக மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலைமை என் அக்கா புருஷன் மாணிக்கம் மாமா. அரசாங்கத்துக்கு மனு போயிருந்தது. ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் செய்தி வந்தது. அவர் வரும்போது சனம் அங்கே இருந்தால் வழக்கு இருக்கும். சனம் இல்லையென்றால் "எல்லோரும் தாங்களாகவே போய்விட்டார்கள்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அவ்வளவுதான் விஷயம். அதிகாரி வரும் வரைக்கும் அந்தச் சாலை ஓரத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பு எதுவும் நிற்கவில்லை. காற்று கித்தானைத் தூக்கியது, ஈர விறகு புகைந்தது, கண் எரிந்ததுதான் மிச்சம், சோறு வேகவில்லை. பிள்ளைகள் ரொட்டியும் தேத்தண்ணீருமாகக் கிடந்தன. சில குடும்பங்கள் உறவுக்காரர்கள் இருக்கும் வேறு தோட்டங்களைத் தேடிக் கிளம்பிவிட்டன. போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளை பசியில் அழும்போது கொள்கையை ஊட்ட முடியாது.

அந்த நிலைமையில் ஒருநாள் காலை மாணிக்கம் மாமா சைக்கிளில் பட்டறைக்கு வந்தார்.

"காளி, ஒரு தோம்பு அடுப்பு வேணும். இன்னிக்கே வேணும். நாளைக்குக் காலையில ஆபீசர் வர்றாராம். இன்னிக்கும் சோறு இல்லன்னா பாதிச் சனம் சாயங்காலமே கெளம்பிரும்."

"தோம்பு இருக்கா மாமா?"

"நல்ல தோம்பு இருக்கு. ஒங்கக்கா மினுமினுன்னு தேச்சு வச்சிருக்கா. நீ வந்து வெட்டிக் குடுத்தா போதும்."

தவுக்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் பேசியது கடைத்தெரு மலாய், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தத் தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் வாளி எடுக்கிறார்கள். என் ஆள் அங்கே போய் நின்றால் நாளைக்கு வாளி எடுக்க மாட்டார்கள். போகாதே."

"இன்னிக்கு லீவு போட்டுக்கிறேன் தவுக்கே."

"லீவு இல்லை."

"அப்ப லீவு இல்லாமலே போறேன்" என்றேன். உளியையும் சுத்தியலையும் சாக்கில் சுற்றிக்கொண்டு மாமாவின் சைக்கிளில் பின்னால் ஏறினேன். தவுக்கே திரும்பக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்திருந்தது. சனம் மொத்தமும் கித்தானுக்கு வெளியே வந்து நின்றது. நடுவில் அந்தத் தோம்பு. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மேல் மூடி இல்லாத தோம்பு. அக்காவும் மற்றப் பெண்களும் சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஒரு துளிப் பெயிண்ட் இல்லாமல், பொங்கலுக்கு வாங்கிய புதுப்பானையைப் போல வெளுக்க வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, கழுத்தில் செம்பருத்திப் பூவும் சுற்றியிருந்தார்கள். வீடு போனவர்கள், குசினி போனவர்கள், தங்களுக்கு வரப்போகிற அடுப்பை முறையோடு வரவேற்றிருந்தார்கள்.  மறைத்து என்ன ஆகப்போகிறது, அழுதேவிட்டேன்.

அழுதுகொண்டேதான் கேட்டேன். "இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

கூட்டம் மாமாவைத் திரும்பிப் பார்த்தது.

"எண்ணெத் தோம்புதான்" என்றார் மாமா.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பாத்தா தெரியலையா?"

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால கெடந்துச்சு."

 தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஸ்டோருக்குப் பின்னால் என்ன கிடக்கும் என்று தெரியும். எண்ணெய்த் தோம்பும் கிடக்கும், தார்த் தோம்பும் கிடக்கும், புல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த தோம்பும் கிடக்கும். அந்த மருந்து உப்புக் கரிக்கும். நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் பசு ஸ்டோருக்குப் பின்னால் போய் மண்ணை நக்கிவிட்டு வந்து, பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை தள்ளிக் கால் பரப்பி விழுந்தது. அதன் கன்றும் பால் குடித்துவிட்டு விழுந்தது.

தோம்புக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். நாற்றம் எதுவும் இல்லை, இவ்வளவு புளி போட்டுத் தேய்த்தால் எந்த நாற்றமும் போய்விடும். ஆனால் அடித்தகடு மடியும் இடத்தில், விரல் நுழையாத அந்த இடுக்கில், வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்பாக இருக்கலாம், உப்பாக இருக்கலாம், சோப்பாகக்கூட இருக்கலாம். என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே கவனியுங்கள், பிள்ளைகளே. என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று சிலர் கதை சொல்வார்கள். மோந்து பார்த்தே கண்டுபிடித்தாளாம். சுத்தப் பொய். அன்றைக்கு நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதை அடுப்பாக்கித் தீ மூட்டினால் அந்த வெள்ளை புகையாகிக் கித்தானுக்குள் போகும், அண்டாவுக்கு மேலேயும் போகும். அங்கே தாய்மடியில் கிடந்த பிள்ளைகளின் மூக்குக்குள்ளும் போகும்.

"இத நான் வெட்ட மாட்டேன்" என்றேன்.

"என்ன சொன்ன?"

"வெட்ட மாட்டேன் மாமா. இது மருந்துத் தோம்பா இருந்தா என்ன பண்றது?"

"மருந்துத் தோம்புல செவப்புக் கோடு போட்டிருக்கும். இதுல கோடு எங்க இருக்கு, காட்டு!"

"எப்படி இருக்கும்? தோலை உரிக்கிற மாதிரி தேச்சு வச்சிருக்கீங்களே. தேய்க்கிறப்ப கோடு இருந்துச்சா, யாராச்சும் பாத்தீங்களா?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துரு இருந்தது என்றாள் ஒருத்தி. கறுப்பு இருந்தது என்றாள் இன்னொருத்தி. சிவப்பு மாதிரியும் இருந்தது, துருவும் சிவப்புத்தானே என்றாள் மூன்றாமவள். அவர்கள்மேல் குற்றமில்லை. அழுக்குப் போனால் எல்லாம் போச்சு என்று நம்பித் தேய்த்தார்கள். எங்கள் சனத்துக்குச் சுத்தம் என்றால் தேய்ப்பதுதான்.

மாமாவின் முகம் மாறியது. ரொம்ப நாளாகத் தூங்காத மனிதர். பக்கத்துத் தோட்டத்துக்குப் போகக் கிளம்பியவர்களைக் காலையில் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார், இன்றைக்குச் சோறு உண்டு என்று வாக்குக் கொடுத்து.

"தவுக்கே சொல்லி அனுப்பிச்சானா?" என்று கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே கேட்டார். "புது மொதலாளிகிட்ட வாளி யாவாரம் போயிரும்னு பயமா? பட்டணத்துக்காரி ஆயிட்ட. எங்க கூட நிக்கிறவ மாதிரி வந்து எங்க குடிய கெடுக்கப் பாக்கிறியா?"

"மாமா, தெரியாத தோம்புல நான் சோறாக்க விட மாட்டேன்."

அக்கா என் கையைப் பிடித்தாள். "காளி, எம் பாப்பாவ பாருடி. காச்சல் அடிக்குது. கொஞ்சம் கஞ்சித்தண்ணியாவது குடுக்கணும்டி. ஒங்கிட்ட கெஞ்சிக் கேக்கிறேன்." அக்கா அதற்கு முன் என்னிடம் கெஞ்சியதே இல்லை, அதட்டித்தான் பழக்கம்.

வேலையில் நெருக்கடி என்றால் இயந்திரம் நின்றுபோவது, சாமான் வராமல் இருப்பது என்று நினைக்கிறீர்கள். அதெல்லாம் தலைவலி, நெருக்கடி இல்லை. நீங்கள் உயிரை வைத்திருக்கும் சனம் பசியோடு நின்று, நீங்கள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்யச் சொல்லிக் கெஞ்சுவதுதான் நெருக்கடி. வெளியாள் மிரட்டினால் முறைத்துக்கொண்டு நிற்கலாம், சொந்த அக்கா கெஞ்சும்போது முறைக்கவும் முடியாது.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார், "அவ வெட்டாட்டி என்ன, கோடாலி இருக்கு, நாமளே பொளந்துக்குவோம்." இன்னொருவர் கோடாலியை எடுக்கக் குனிந்தார்.

அப்போதுதான் புரிந்தது. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றால் என் கை மட்டும் சுத்தமாக இருக்கும். தோம்பு அடுப்பாகிவிடும். சனம் புகையில் உட்காரும். என் மறுப்பால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

சாக்கை அவிழ்த்தேன். தோம்பைக் காலால் உதைத்துச் சாய்த்து, அடித்தகட்டில் உளியை வைத்து ஓங்கி ஓர் அடி. பிறகு இன்னோர் அடி. பிறகு பக்கவாட்டில், பொட்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில், பூச்சுற்றிய இடத்தில், கிழித்துக்கொண்டே போனேன். சல்லடையாக்கினேன். யார் கோடாலி வைத்திருந்தாலும் இனி அதை எதற்கும் பயன்படுத்த முடியாது.

யாரோ ஒரு பெண் வீறிட்டாள். மஞ்சள் குங்குமம் வைத்ததை உடைத்துவிட்டேன் அல்லவா. "வெளங்குவியாடி நீ!" என்று அக்காவே கத்தினாள். ஒருவர் என் முகத்தில் சேற்றை வாரி எறிந்தார். மாணிக்கம் மாமா கத்தவில்லை. அசையாமல் நின்று, "போயிரு" என்றார். "இங்க நிக்காத. போயிரு."

"போறேன். வேற தோம்போட வர்றேன். யாரும் கெளம்பக்கூடாது" என்றேன்.

 சேற்றைத் துடைத்துக்கொண்டு நடந்தேன், வழியில் பஸ் கிடைத்தது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். பழைய இரும்புக் கடைகளில் தோம்புகள் குவிந்துகிடக்கும். ஆனால் எங்கே பிறந்தது, எதைச் சுமந்தது என்று ஒன்றுக்கும் சொல்ல முடியாது. சோறாக்கும் சனத்திடம் "இது தெரியாத தோம்பு" என்று சொல்லி ஒன்றை உடைத்துவிட்டு, இன்னொரு தெரியாத தோம்பைக் கொண்டுபோய் வைப்பேனா? எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த தோம்பு இந்த ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது.

அது பட்டறையில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த தோம்பு. தேங்காய் எண்ணெய் ஆலையிலிருந்து வந்தது. வந்த அன்று அடியில் மிச்சமிருந்த எண்ணெயை வழித்து, பட்டறைப் பெண்கள் நாங்கள் தலைக்குத் தேய்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அதில்தான் கை கழுவினோம், முகம் கழுவினோம்.

நேராக உள்ளே போய், தோம்பைச் சாய்த்து, தண்ணீரை முழுவதுமாகத் தரையில் கொட்டினேன். தவுக்கேயின் செருப்பு மிதந்து வாசலுக்குப் போனது.

"உனக்குப் பைத்தியமா?" என்றார்.

"இத எடுத்துட்டுப் போறேன்."

"அது என் தோம்பு."

"உங்க தோம்புதான். அதனாலதான் எடுக்கிறேன். வாசல்ல நின்னு எல்லாரையும் கேப்பீங்களே, டுலு இசி ஆப்பான்னு. இப்ப என்னக் கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. பாதிக் காதைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். துடைத்தும் போகாத சேறு என் முகத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. பிறகு, "எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வராதே" என்றார்.

"வர மாட்டேன்."

இதைத் திருட்டு என்று சொன்னவர்கள் உண்டு. என் வீட்டுக்காரரே சிரித்துக்கொண்டு, "மெர்டேக்கா கெடச்சதும் மொத வேலயா தோம்பத் திருடினவ நீதான்" என்பார். சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அன்றும் உறுத்தவில்லை, இன்றும் உறுத்தவில்லை. தவுக்கே நினைத்திருந்தால் வாசலை மறித்திருக்கலாம். அவர் தள்ளி நின்றார்.

தோம்பைச் சாலையில் உருட்டிக்கொண்டு வந்தேன். தமிழ் மறந்த பழைய செட்டிமார் வாழும் கம்போங் செட்டியில் மாட்டுவண்டி வைத்திருந்த ஒருவர் வாசலில் நின்றார். நெற்றியில் எங்களைப் போலவே திருநீறு, பேச்சு மட்டும் மலாய். இந்தத் தோம்பை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று மலாயில் கேட்டார். "மாசாக் நாசி" என்றேன். சோறாக்க. அதற்கு மேல் கேட்கவில்லை. வானத்தைக் காட்டி, "ஹுஜான்லா", மழை வருது, என்று முனகிக்கொண்டே மாட்டைப் பூட்டினார். அந்த மனிதர் வழியெல்லாம் பேசாமல் வந்ததற்கு நான் நன்றியோடு இருந்தேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

அங்கே போய் இறங்கியபோது கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. சில மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. யாரும் என்னை வா என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வெட்ட ஆரம்பித்தேன். அடியில் கம்பிகள் வேண்டும் என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, கோடாலிக்குக் குனிந்த அதே மனிதர் தோட்டத்துக்குள் போய், இடித்துப்போட்ட குசினிகளின் ஜன்னல் கம்பிகளை அள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார். பிஸ்கட் டின்களைச் சுருட்டிப் புகைக்குழாய் செய்தேன். மழை பிடித்துக்கொண்டது. என் தலைக்கு மேல் யாரும் கித்தான் பிடிக்கவில்லை, தோம்புக்கு மேல் பிடித்தார்கள்.

அடுப்பு நின்றது. ரப்பர் விறகைத் திணித்துத் தீ மூட்டினேன். ஈர விறகு முதலில் முரண்டு பிடித்தது, பிறகு புகை குழாயைக் கண்டுபிடித்து மேலே ஏறியது. தீ உள்ளே உறுமியது. மழை வெளியே அடித்தது, உள்ளே ஒரு பொறி அணையவில்லை. அக்கா அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வைக்காத" என்றேன்.

"இன்னும் என்னடி?"

"வெளிப்பக்கம் பெயிண்ட் இருக்கு. மொத நெருப்பு வெறும் நெருப்பா எரியணும். அந்த நாத்தம் போனப்புறந்தான் சோறு."

அரிசி களைந்து தயாராக இருக்கிறது, பிள்ளைகள் தீயைப் பார்த்துவிட்டன, நான் மறுபடி மாட்டேன் என்கிறேன். இந்தத் தடவை சண்டை வரவில்லை, சனத்துக்குச் சண்டை போடத் தெம்பில்லை. எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று கருகும் பெயிண்டைப் பார்த்தார்கள். பார்த்து முடிவதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆனது. பெயிண்ட் குமிழ் விட்டு உரிந்து, இரும்பு கறுத்து, புகை வெளுத்தபிறகு, "வை" என்றேன்.

அந்த அடுப்புக்கு யாரும் மஞ்சள் பூசவில்லை, பொட்டும் வைக்கவில்லை. பொட்டைப் பார்த்தா சோறு வேகிறது? விளக்கேற்றும் நேரத்துக்கு எல்லோர் கையிலும் சுடச்சுடச் சோறும் நெத்திலி மிளகாய்ச் சம்பாலும் இருந்தது. அக்கா பாப்பாவுக்குக் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். கட்டி வைத்த மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். மாணிக்கம் மாமா எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றார், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் அதிகாரி வந்தபோது சாலை ஓரத்தில் சனம் இருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவருக்கும் ஒரு மங்குக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்துக்கொண்டே எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்தது நீண்ட இழுபறி. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெறுங்கையோடு விரட்ட முடியவில்லை. பாதிப் பேருக்கு அங்கேயே மனை கிடைத்தது. அக்காவின் வீடு இன்றும் அந்த மனையில்தான் இருக்கிறது.

எனக்கு வேலை போனது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, தெருவோரச் சாப்பாட்டு அங்காடிக்காரர்களுக்குத் தோம்பு அடுப்பு செய்து கொடுக்க ஆரம்பித்தேன். பொம்பளை இரும்பு அடிக்கிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அடுப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச காலம் கழித்து ஒரு பலகாரக்காரி வந்தாள். யார் அனுப்பியது என்று கேட்டேன். பாதிக் காது தவுக்கே என்றாள். ஏன் அனுப்பினார் என்று நான் போய்க் கேட்கவில்லை.

நான் உடைத்த தோம்பில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள், ஸ்டோர்க் கணக்கு எழுதிய கிராணி, எங்கே போனார் என்பதும் தெரியாது. அது சுத்தமான எண்ணெய்த் தோம்பாகவே இருந்திருக்கலாம். அப்படி இருந்தாலும் நான் செய்தது சரி. இதை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் நம் பக்கம் உண்மை வந்து நிற்கும், எல்லோரும் மன்னிப்புக் கேட்பார்கள் என்று காத்திருந்து மாட்டேன் சொல்லக்கூடாது. யாரும் வர மாட்டார்கள். சேறு அடிப்பார்கள், துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும்.

போன வருடம் அக்கா பேத்தியின் கல்யாணம். அன்றைக்குக் கஞ்சி குடித்த பாப்பாவின் மகள்தான் மணப்பெண். பந்தியில் மாணிக்கம் மாமா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பல்லெல்லாம் போய்விட்டது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் என்னைக் காட்டி, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"மஞ்ச குங்குமம் வச்ச நல்ல எண்ணெத் தோம்பக் குத்திக் கிழிச்சவ இவதான். பிள்ளைங்க பசியில கெடக்கிறப்ப!"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் நரைத்த தலையோடு அதே பந்தியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா மாமா" என்றேன். "இன்னொண்ணு கொண்டாங்க, இப்பவும் கிழிக்கிறேன்."